அடிப்பிடித்த பாத்திரத்துக்கு எது மருந்து?

பால் அடிப்பிடித்துவிட்டால் கை முதலில் தேடுவது கம்பி நாரைத்தான். காந்தல் எவ்வளவு கெட்டி என்று பார்த்து, அதற்கேற்ற முரட்டுத்தனத்தைத் தேர்வதே பெரும்பாலான சமையலறைகளின் வழக்கம். பாத்திரம் எதனால் ஆனது என்று பார்த்துத் தேர்வதே சரி என்பது என் கட்சி. காந்தல் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கருகிய மாவுச்சத்து, புரதம், சர்க்கரை, எண்ணெய். அதன் அடியில் இருக்கும் பொருள்தான் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுகிறது. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது.

எவர்சில்வருக்கு ஆப்ப சோடாவை மிஞ்சியது இல்லை. காந்தல் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, 2 மேசைக்கரண்டி சோடா போட்டு, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் மரக்கரண்டியால் சுரண்டினால் பெரும்பகுதி ஏடாகப் பெயரும். காரம் புரதத்தை ஊதவைத்து இளக்கும், கொழுப்பைச் சோப்பாக்கும். கொதிக்கும்போது ஆப்ப சோடா கரியமில வாயுவை இழந்து, இன்னும் வீரியமான சலவைச் சோடாவாக மாறத் தொடங்குவதால் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பதைவிட இது வேகமானது. சோடாவோடு வினிகரையும் ஊற்றினால் நுரை பொங்குகிறதே, அது அழுக்கை அரிக்காதா என்று கேட்கலாம். பொங்குவது வெறும் கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். பால்பண்ணைகளில் குழாய்களையும் கொள்கலன்களையும் முதலில் காரத்தால் கழுவி, நீர்விட்டு அலசி, பிறகே அமிலம் விடுகிறார்கள். காரம் புரதத்துக்கும் கொழுப்புக்கும், அமிலம் சுண்ணாம்புப் படிவுக்கும். வீட்டிலும் சோடாவுக்குப் பின் எஞ்சும் வெள்ளைத் திட்டுக்கும் வானவில் நிறக் கறைக்கும் எலுமிச்சை போதும். கம்பி நாரை இங்கே கடைசியாக எடுக்கலாம். ஆனால் அது கீறிய இடத்தில் அடுத்த காந்தல் இன்னும் உறுதியாகப் பிடிக்கும்.

அப்படியானால் பாட்டிகள் எல்லாவற்றுக்கும் புளி போட்டது தவறா? அவர்கள் துலக்கியது பெரும்பாலும் பித்தளையும் செம்பும். அவற்றின் களிம்பைப் புளியின் அமிலம் கரைக்கும், கருகிய பாலை அவ்வளவாகத் தொடாது. புளிக்கு உண்மையான வேலை அலுமினியத்தில் இருக்கிறது. சோடா பட்டால் அலுமினியம் கறுக்கும், சூடான சலவைச் சோடா அதை அரிக்கவே செய்யும். அதனால் அலுமினியக் குக்கரில் அடிப்பிடித்தால் புளித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சோப்பும் தேங்காய் நாரும் கொண்டு தேய்ப்பதே முறை. இட்லிப் பானைத் தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போடும் பழக்கமும் இதே கணக்குத்தான்.

இரும்புத் தோசைக்கல்லுக்கு இரண்டுமே வேண்டாம். கறுத்துப் பளபளக்கும் அந்த மேல்பூச்சு, எண்ணெய் சூட்டில் இறுகி உருவானது. தோசை ஒட்டாமல் வருவதே அதனால்தான். கல்லுப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுத் தேய்த்து, துடைத்து, சூடுகாட்டி உலர்த்தினால் முடிந்தது; இரவெல்லாம் ஊறினால் காலையில் துருதான் மிஞ்சும். ஈயம் பூசிய பித்தளையில் கம்பி நார் பட்டால் பூச்சு போய்விடும், பிறகு புளிக்குழம்பு நேரே பித்தளையைத் தொடும். கல்சட்டிக்கும் மண்சட்டிக்கும் வெந்நீரும் பீர்க்கங்காய் நாரும். மண் துளைகள் சோப்பை உறிஞ்சி, அடுத்த மீன் குழம்பில் திருப்பிக் கொடுக்கும். நான்ஸ்டிக் தவாவில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பஞ்சும் போதவில்லை என்றால், குற்றம் தேய்ப்பதில் இல்லை, பூச்சில். கீறி உரிந்துவிட்ட நான்ஸ்டிக்கைத் தேய்த்து மீட்க முடியாது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.