பாவ் கிலோவில் தொடங்கிய பின்னம்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில், ஒரு மாடியறையில் மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு மாட்டுங்காவில், நடந்தே வந்துவிடுவேன். வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி. பள்ளிக்கூடம் சிலருக்கு ஆங்கிலம், சிலருக்குத் தமிழ். மராத்தி எல்லோருக்கும் உண்டு. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் மாநகராட்சியே பள்ளி நடத்துகிற ஊர் இது.

நாலு மொழியில் பேரம் பேசுகிற பிள்ளை, வினாத்தாளில் 'அறிவியல் காரணம் தருக' என்பதைக் கண்டதும் ஏன் வாயடைத்துப் போகிறது? முதல் வருஷம் எனக்கு இது பிடிபடவே இல்லை. பேச்சு மொழி வேறு, பாட மொழி வேறு என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார். முன்னது ஓரிரு வருஷத்தில் வந்துவிடும், பின்னதற்கு ஐந்து வருஷத்துக்குக் குறையாது என்பது அவர் கணக்கு.

அதைப் படிக்குமுன் நான் செய்தது ஒரு சார்ட். ஆவியாதல், பாஷ்பீபவன், வாஷ்பீகரண், எவாபரேஷன் என்று நாலு பத்தி. மூன்று ராத்திரி உட்கார்ந்து கலர் கலராக எழுதினேன். ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மழைக்காலத்தில் சுவர் ஓதம் பிடித்து, அதுவாகவே உரிந்து விழுந்தது.

பிறகுதான் இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போனேன். இண்டக்‌ஷன் அடுப்பில் பத்து நிமிஷம். மூடியை எடுத்துச் சாய்த்ததும் உள்பக்கம் திரண்டிருந்த துளிகள் ஓடிவந்து சொட்டின. "இது என்னக்கா பெரிய விஷயம்? எங்கம்மா மூடிக்கடியில துணி போடுறதே இதுக்குத்தான். சொட்டுச்சுன்னா இட்லி நசநசன்னு போயிரும்" என்றாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. விடியுமுன் இட்லி அவித்து வெளியே விற்பனைக்கு அனுப்புகிற வீடு. தாராவியில் அப்படிப் பல வீடுகள். காரணம், விளைவு, பரிகாரம் மூன்றும் அவள் வாக்கியத்திலேயே இருந்தன. பெயர்தான் இல்லை. அப்போது சொன்னேன்: ஆவி சுருங்குதல், கண்டன்சேஷன், மராத்தியில் சாந்த்ரீபவன். இந்த வரிசையை மட்டும் நான் இப்போது மாற்றுவதில்லை. பொருள் முதலில், பிள்ளையின் பேச்சு அடுத்தது, பாடச் சொல் கடைசி.

பின்னத்துக்குக் கடை விளையாட்டு. தராசு, எடைக்கற்கள், இரண்டு கிலோ துவரம்பருப்பு. கடைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பாவ், அர்தா, பாவூண், சவ்வா, தீட், அடீச் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நம் கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரைதான் அவை. "பாவும் அர்தாவும் சேந்தா பாவூண்" என்று பருப்பை அள்ளிப் போட்ட பையன், நோட்டில் 1/4 + 1/2 = 2/6 என்று எழுதியிருந்தான். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. தட்டில் ஏற்கெனவே அரைக் கிலோ கிடக்கிறதே, இன்னும் அள்ளிப் போட்டால் அது குறையுமா என்றேன். தராசையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனே அடித்தான்.

ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களில் கவனம் வேண்டும். சராசரி மராத்தியிலும் 'சராசரி'தான். அது நமக்கு லாபம். சம்சாரமோ இந்தியில் உலகம், மராத்தியில் குடித்தனம், தமிழில் பெண்டாட்டி. 'சிக்ஷா' இந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. "ரெண்டும் ஒண்ணுதானக்கா" என்றான் ஒருவன்.

உண்மையில் பெயர்ச்சொற்களைவிட வினாத்தாளின் ஏவல்கள்தான் பிள்ளைகளை மிரட்டுகின்றன: ஒப்பிடுக, ஊகித்து எழுதுக, மராத்தியில் 'ஃபரக் ஸ்பஷ்ட் கரா' (வேறுபாட்டை விளக்குக). இதற்குப் பை தைக்கிற பட்டறைக் கழிவிலிருந்து தோல் துண்டும் ரெக்சின் துண்டும் வாங்கிவருவேன். முகரலாம், மடக்கலாம், சொட்டுத் தண்ணீர் விடலாம். ஒரே நிபந்தனை, சொல்கிற வாக்கியத்தில் 'ஆனால்' வந்தாக வேண்டும். "தோலுக்குப் பின்பக்கம் பிசிறா இருக்கு, ஆனா ரெக்சினுக்குத் துணி ஒட்டியிருக்கு." எழுதச் சொன்னால் ஒரு வரிக்கு மேல் நகராதவன் அன்று ஏழு 'ஆனால்' சொன்னான்.

அடுத்த வாரம் தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவிலிருந்து ஒரு மண்பானை வாங்கவேண்டும், எவர்சில்வர் குடத்துக்குப் பக்கத்தில் வைக்க. அந்த சார்ட் விழுந்த பிறகு ஆவியாதல் பக்கம் நான் இன்னும் போகவே இல்லை.