அந்த ‘உம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது, தம்பி?

பாட்டி தாலாட்டைக் காலர் மைக் வைத்து லேப்டாப்பில் பதிந்து அனுப்பினாயே, கேட்டேன். குரல் அருமை. ஆனால் அடியில் ஓயாமல் ‘உம்ம்ம்’ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் குஷாய்குடாவில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு பக்கம் இண்டஸ்ட்ரியல் ஏரியா, தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர், கீழே போர் மோட்டார், ஹாலிலேயே பிரிட்ஜ். 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். கம்பெனி பக்கத்திலேயே இருப்பதால் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இதற்கு இன்ஜினியரைத் தேட வேண்டாம்.

சத்தம் காற்றில் வருகிறதா, வயரில் வருகிறதா என்று முதலில் பார். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் கொஞ்ச நேரம் பதிந்து கேள். ‘உம்ம்ம்’ மறைந்துவிட்டால் அது சார்ஜர் வழியாக வந்தது. பாட்டி பாடி முடிக்கும்வரை சார்ஜர் வேண்டாம், அவ்வளவுதான். ஸ்பீக்கர், மிக்ஸர் என்று இரண்டு மூன்று பெட்டிகளைச் சேர்க்கிறாய் என்றால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகு. மைக் வயரும் கரண்ட் வயரும் ஒட்டி ஓடக் கூடாது. குறுக்கே கடந்தால் பரவாயில்லை. எர்த் பின்னை உடைத்தால் ஹம் (இந்த ‘உம்ம்ம்’தான்) போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதே. ஹம் போகலாம். ஆனால் ஷாக்கிலிருந்து காப்பதும் அதே பின்தான்.

சார்ஜரைப் பிடுங்கியும் போகவில்லையா? அப்போது அநேகமாக அறைக்குள் கேட்கும் சத்தம்தான். பிரிட்ஜை அணைத்து வை (பிறகு மறக்காமல் போடு, அம்மா பால் கெட்டதற்கு என்னைத்தான் திட்டுவாள்). ஃபேனை நிறுத்து. சில எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் ஃபேனைக் குறைத்து வைத்தால் மோட்டாரே ரீங்கரிக்கும். பழைய டியூப்லைட் சோக்கும் அப்படித்தான். பவர்கட் நேரத்தில் பதியலாம் என்று தோன்றும்; நல்ல யோசனைதான், இன்வெர்ட்டரையும் அணைத்தால். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் சில சமயம் மெயின்ஸைவிட மோசமாக இரையும். மைக்கைப் பாட்டியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வா. குரல் பெரிதாகப் பதிவானால் ஹம் தானாகச் சிறிதாகிவிடும். எல்லா சாஃப்ட்வேரையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

பாட்டி பாடத் தொடங்கும் முன் யாரும் பேசாமல் ஐந்து விநாடி வெறும் அறையைப் பதிந்து வைத்துக்கொள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி பதிந்ததைச் சுத்தம் பண்ணுவது. ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேர் இலவசம், அது போதும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் ஹம் 50-லும் அதன் மடங்குகளான 100, 150, 200-லும் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பெரும்பாலும் 100-ல்தான் உறுமும். கரண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் இரும்பு இரண்டு முறை அதிர்கிறது. பிளாட் ஸ்பெக்ட்ரம் திறந்தால் இந்த இடங்களிலெல்லாம் ஊசி மாதிரி எழும்பி நிற்பது கண்ணுக்கே தெரியும். நாட்ச் ஃபில்டரைத் திறந்தால் அதில் 60 என்று இருக்கும். அது அமெரிக்கக் கரண்டுக்கு. அழித்துவிட்டு 50 போடு. பக்கத்தில் ‘க்யூ’ என்று 1 இருக்கும். அதை 10, 20 என்று கூட்டினால் வெட்டு குறுகும், குரலுக்குச் சேதம் குறையும். பிறகு 100, 150. அதோடு நிறுத்திக் கேட்டுப் பார். 200-க்குப் பக்கத்தில் பாட்டியின் குரலே இருக்கிறது; தாத்தா குரல் என்றால் 100-லேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் ‘உஸ்ஸ்’ஸுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன். அந்த ஐந்து விநாடியைத் தேர்ந்தெடுத்து ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’ அழுத்து, பிறகு முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ஓட்டு. 12 டெசிபல் என்று இருந்தால் 6-க்கு இறக்கு. ஆசைப்பட்டு ஏற்றினால் பாட்டி குடத்துக்குள் உட்கார்ந்து பாடுவது போல ஆகிவிடும். அங்கேயே ‘ரெசிட்யூ’ என்று ஒன்று இருக்கிறது, பலரும் தொடுவதே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், வெளியே போகும் குப்பை மட்டும் கேட்கும். அதில் பாட்டின் சொற்கள் காதில் விழுந்தால் நீ அதிகமாக வெட்டுகிறாய் என்று அர்த்தம். கேட்டு முடித்ததும் திரும்ப ‘ரெட்யூஸு’க்கு மாற்றிவிட்டு ஓகே கொடு.

முதலில் பதிந்த ஃபைலை அழிக்காதே, ஹம்மோடு அப்படியே இருக்கட்டும். கரண்டின் 50 ஹெர்ட்ஸ் நொடிக்கு நொடி நூலளவு ஏறி இறங்கும். பதிவில் இருக்கும் ஹம்மை கிரிட் கணக்கோடு ஒப்பிட்டு, அது எப்போது பதிந்தது, நடுவில் வெட்டியிருக்கிறார்களா என்று தடயவியல்காரர்கள் பார்ப்பதுண்டு. நமக்கு அது தேவைப்படாது. ஆனால் நாளைக்கு இதைவிட நல்ல சாஃப்ட்வேர் வந்தால் ஒரிஜினல் இருந்தால்தான் உதவும்.

சுத்தம் பண்ணியதை வேவ் ஃபைலாக எடுத்து, வாட்ஸ்அப்பில் ஆடியோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பு. எனக்கு ஒன்று, சென்னை அத்தைக்கு ஒன்று.