நோய் ஒரு பட்டியில், தடை எல்லா லொறிக்கும்: கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டமும் வியாபாரிகளும்

மாடு, ஆடு வியாபாரம் செய்பவர்களோடு பேசும்போது ஒரு முறைப்பாடு அடிக்கடி காதில் விழும். "நோய் எங்கேயோ ஒரு பட்டியில். என்னுடைய மாடுகள் நல்ல சுகமாக நிற்கின்றன. அப்படியிருக்க என் லொறியை ஏன் மறிக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டங்கள் எப்படி உண்டாயின, எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தால் ஒன்று விளங்கும். இந்தச் சட்டங்கள் முதலில் பிடிப்பது மாடு ஊர்விட்டு ஊர் போகும் பயணத்தை. அந்தப் பயணத்தை நடத்துபவன் வியாபாரி. ஆகவே பண்ணைக்காரரை விடவும் இந்தச் சட்டம் அதிகம் தொடுவது எம்மைத்தான். மாட்டுத் தரகர், இறைச்சிக் கடைக்காரர், தோல் வாங்குபவர், உழ்ஹிய்யாவுக்கு ஓடர் எடுப்பவர், லொறிக்காரர் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள்.

இலங்கையில் இப்போது நடைமுறையில் இருப்பது 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம். அதற்கு முன்னர், 1909இல் வந்த தொற்றுநோய்கள் (விலங்குகள்) கட்டளைச் சட்டம் இருந்தது. அந்தப் பழைய சட்டத்தின் பெயர் வெள்ளைக்காரர் தமது நாட்டில் 1869இலும் 1878இலும் இயற்றிய சட்டங்களின் பெயரே. எனவே கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

1865ஆம் ஆண்டு கோடையில் லண்டன் இஸ்லிங்டன் மாட்டுச் சந்தைக்கு வந்த மாடுகளோடு வெக்கை நோய் பிரித்தானியாவுக்குள் நுழைந்தது. பால்டிக் கடலோரத்திலிருந்து ஹல் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த மாடுகளே அதைக் கொண்டுவந்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சந்தையில் ஒரு மாடு நோயோடு நின்றால் அன்று மாலைக்குள் அதன் பக்கத்தில் நின்ற மாடுகள் நாலா திசையிலும் போய்விடும். அப்போது ரயில் பாதைகள் வேறு வந்துவிட்டன. சில மாதங்களில் நாடு முழுவதும் நோய். பட்டியில் ஒரு மாடு படுத்தால், மற்றவை படுக்க முன்னர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதே பலரின் வழியாக இருந்தது. மனித இயல்பு அது. எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் அப்படித்தான்.

1866 பெப்ரவரியில் பாராளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோயுள்ள மாட்டைக் கட்டாயம் கொல்ல வேண்டும், மாடுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது அது. அதில் வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டிய பகுதி நட்டஈடு. நோய் கண்ட மாட்டைக் கொன்றால் அதன் பெறுமதியில் பாதி வரைதான் கொடுபடும். நோய் இன்னும் காணாத, ஆனால் நோயுள்ள மாட்டோடு நின்ற மாட்டைக் கொன்றால் முக்கால்வாசி வரை கொடுபடும். இரண்டுக்கும் ஓர் உச்ச வரம்பும் உண்டு.

இந்தப் பாதி, முக்கால் கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே கொடுக்காவிட்டால் மாட்டுக்காரன் நோயை மறைப்பான். முழு விலையையும் கொடுத்தால் நோய் வந்தால் நல்லது என்று நினைப்பவனும் இருப்பான். நோய் முற்றும்வரை மறைத்தவனுக்குக் குறைவாக, முந்திச் சொன்னவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. மாடு சாகவும் கூடாது, மாட்டுக்காரன் பொய் சொல்லவும் கூடாது என்று போட்ட கணக்கு அது. சட்டம் எழுதியவர்களுக்குச் சந்தை தெரிந்திருக்கிறது.

இனி 2001க்கு வருவோம். அந்த ஆண்டு அதே பிரித்தானியாவில் கால்வாய் நோய் வந்தது. எமது பகுதி மாட்டுக்காரர் எல்லோருக்கும் தெரிந்த நோய்தான். வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், வாயொழுகல், நொண்டல், பால் குறைதல். மனிதருக்கு இதனால் ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். வளர்ந்த மாடு பெரும்பாலும் தேறிவிடும். அப்படியென்றால் அரசாங்கம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்? காரணம் வியாபாரம்தான். கால்வாய் நோய் இல்லாத நாடு என்ற பெயர் போனால் ஏற்றுமதிச் சந்தை மூடிவிடும். நோய் இல்லாத நாடுகள் நோயுள்ள நாட்டின் உயிர்க்கால்நடையை வாங்குவதில்லை. இறைச்சிக்கும் கடும் கட்டுப்பாடு உண்டு.

2001 பெப்ரவரி 20ஆம் திகதி, எசெக்ஸ் பகுதி மடுவம் ஒன்றுக்கு வந்திருந்த பன்றிகளில் நோய் உறுதியானது. தேடிப் போனபோது, மூலம் நாட்டின் வடக்கே நோர்தம்பர்லாந்தில் கழிவு உணவு போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணை என்று கண்டார்கள். அது கிடக்கட்டும். எமக்கு முக்கியமானது இடையில் நடந்தது. அந்தப் பண்ணைக்கு அருகே நின்ற செம்மறி ஆடுகளுக்குக் காற்றோடு கிருமி போயிருந்தது. செம்மறியில் இந்த நோய் இலேசில் கண்ணுக்குப் புலப்படாது. பெப்ரவரி 13ஆம் திகதி அந்த ஆடுகள் ஹெக்சம் சந்தையில் விலைப்பட்டன. அங்கிருந்து ஒரு பகுதி லோங்டவுன் சந்தைக்குப் போனது. லோங்டவுனில் வாங்கிய வியாபாரிகள் தெற்கே பல மாவட்டங்களுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் நோயாளி உறுதியான அன்றே குறைந்தது 57 இடங்களில் கிருமி போய் உட்கார்ந்திருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். வாங்கிய எவரும் நோயுள்ள ஆடு என்று தெரிந்து வாங்கவில்லை. கண்ணுக்குச் சுகமான ஆட்டைத்தான் வாங்கினார்கள்.

"என் மாடு நல்ல சுகம்" என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காததற்குக் காரணம் இதுதான். கால்வாய் நோயில் கிருமி உடம்பில் புகுந்து அடையாளம் தெரிய இரண்டு நாள் முதல் இரண்டு கிழமை வரை செல்லலாம். அடையாளம் தெரிய முன்னரே மாடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும். அந்த இடைநாட்களில்தான் அது கைமாறுகிறது, லொறி ஏறுகிறது.

நாடு முழுவதும் கால்நடைப் போக்குவரத்துக்குத் தடை வந்தது பெப்ரவரி 23ஆம் திகதி. முதல் நோயாளி உறுதியாகி மூன்று நாள் கழித்து. அந்த மூன்று நாளில் பிந்தியதற்காகப் பின்னர் எவ்வளவோ விமர்சனம். தடைக்குப் பின் பத்துப் பன்னிரண்டு நாளில் ஹஜ்ஜுப் பெருநாள். அங்குள்ள முஸ்லிம் ஆட்டு வியாபாரிகளின் நிலையை இங்கிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

செப்டெம்பர் 30 வரை நோய் நீடித்தது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை நோயைத் தடுப்பதற்காகக் கொல்லப்பட்டவை அல்ல. போக்குவரத்துத் தடையால் மேய்ச்சலுக்கும் சந்தைக்கும் போக முடியாமல் நின்ற இடத்தில் வாடியவை. அரசாங்கத்துக்கு 300 கோடி பவுணுக்கும் அதிகமான செலவு. தனியார் துறைக்கு 500 கோடி பவுணுக்கும் அதிகமான நட்டம்.

இந்தத் தனியார் நட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கொல்லப்பட்ட மிருகங்களுக்கு அரசாங்கம் சந்தை விலை கொடுத்தது. அந்த வகையில் மட்டும் 100 கோடி பவுணுக்கு மேல் போனது. ஆனால் தடையால் சந்தையில்லாமல் நின்ற தரகருக்கும், மூடிய மடுவக்காரருக்கும், ஓடாத லொறிக்காரருக்கும், கிராமப்புறத்துக்கு உல்லாசப் பயணிகள் வராததால் வெறிச்சோடிய ஹோட்டல்காரருக்கும் அப்படியான நட்டஈடு இல்லை. சட்டம் விலை போடுவது கொல்லப்பட்ட மாட்டுக்கு. நின்றுபோன வியாபாரத்துக்கு அது விலை போடுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் நிலைமை இதுவே. இது நியாயமா என்று கேட்டால், முழுதாக நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்காக ஒருவன் கடையைப் பூட்டினால் ஊர் அவனுக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டம் இன்று அப்படி இல்லை. இருப்பதை வைத்துத்தான் நாம் கணக்குப் போட வேண்டும்.

அங்கே இன்னொரு சிக்கலும் வந்தது. சந்தை வளையத்துக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தில், வாய்ப்பேச்சில் கைமாறிய ஆடுகள் எங்கே போயின என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. கொப்பியில் பதிந்த விற்பனையைச் சில மணி நேரத்தில் தேடிப் பிடித்தார்கள். பதியாத விற்பனையைத் தேடி அலைந்தார்கள். பின்னர் சட்டம் இறுகியது. பண்ணைக்குள் புதிதாக ஒரு மிருகம் வந்தால் அங்குள்ளவற்றைக் குறித்த நாட்களுக்கு வெளியே அனுப்ப முடியாது என்ற விதி வந்தது. முதலில் 20 நாள், பின்னர் 2003இல் மாடு, செம்மறி, வெள்ளாடுகளுக்கு 6 நாளாகக் குறைத்தார்கள். காலையில் வாங்கி மாலையில் விற்கும் வியாபாரம் அதோடு அடிபட்டது.

எமது நாட்டில் வெளியிலிருந்து வந்த மிருகம் என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் 1987. வெக்கை நோய் 1940களுக்குப் பின் இங்கே இல்லாமல் போயிருந்தது. நாற்பது வருடம் கழித்து, இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது திரும்பி வந்தது. வழமையான தடுப்புக்காவல் நடைமுறை யுத்தகாலத்தில் எங்கே பார்க்கப்படும்? வடக்கு, கிழக்கு மாடுகளில் நோய் பரவியது. தடுப்பூசி போட்டுப் போட்டு 1994க்குப் பிறகுதான் நின்றது. உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இதுதான்.

1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம் சிக்கலானதல்ல. நோய் கண்டால் அல்லது சந்தேகம் வந்தால் மாட்டை வைத்திருப்பவர் அறிவிக்க வேண்டும், அதைப் பிரித்து வைக்க வேண்டும். நோயுள்ள பிரதேசத்தை அதிகாரிகள் பிரகடனம் செய்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தடுக்கலாம். பரிசோதிக்கலாம், தேவையானால் அழிக்கலாம். வெளிநாட்டிலிருந்து மிருகமோ மிருகப் பொருளோ கொண்டுவர, பேராதனை கட்டம்பையில் இருக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மாகாணங்களுக்கும் தனித் திணைக்களங்கள் உண்டு. அதனால் ஒரு மாகாணத்தில் திறந்திருக்கும் பாதை அடுத்த மாகாண எல்லையில் மூடியிருக்கலாம். இதோடு 1958ஆம் ஆண்டின் மிருகங்கள் சட்டமும் சேர்ந்து வேலை செய்கிறது. வவுச்சர், போக்குவரத்து அனுமதிப்பத்திரம் எல்லாம் அந்தச் சட்டத்தோடு சம்பந்தப்பட்டவை.

எம்மில் பலர் இந்தப் பத்திரங்களைப் பொலிசுக்குக் காட்டுவதற்கான கடதாசி என்றே நினைக்கிறோம். களவு மாடு பிடிக்க வந்த சட்டம் என்ற எண்ணம் ஆழப் பதிந்துவிட்டது. ஆனால் நோய் வந்த நாளில் அந்தக் கடதாசியே வியாபாரியின் வாய். "இந்த மாடு இந்தப் பட்டியில் இந்தத் திகதியில் வாங்கியது, அன்று அரச மிருக வைத்தியர் பார்த்தார், அந்தப் பிரதேசத்தில் அன்று தடை இல்லை" என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. வவுச்சரில் ஒரு நிறம், லொறியில் நிற்கும் மாடு வேறு நிறம் என்றால், சுகமான மாடும் சந்தேக மாடாகிவிடும்.

2020இல் வடக்கில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல்கழலை நோய் இன்னொரு விதம். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும். இது கடிக்கும் ஈ, நுளம்பு மூலமாகவும் பரவுவதால் லொறியை மறித்தால் மட்டும் போதாது. எனினும் தூர ஊருக்கு அதைக் கொண்டுபோவது ஈ அல்ல, லொறிதான். 2023இன் நடுப்பகுதியில் இது பல மாவட்டங்களில் பரவியபோது, வடமேல் மாகாணம் உட்பட, மாடுகளைக் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டது. அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 29ஆம் திகதி. பிரித்தானியாவில் 2001இல் நேர்ந்த அதே இக்கட்டு. வெளிப்படையாக நோயுள்ள பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்பதால், இந்த மாடுகளை "எப்படியாவது தள்ளிவிடலாம்" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இப்போது முற்பண விஷயம். ஒருவர் பெருநாளைக்கு இருபது மாட்டுக்கு ஓடர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரிடம் முற்பணம் வாங்குகிறார். அதில் ஒரு பகுதியை வேறு மாவட்டத்துப் பட்டிக்காரருக்குக் கொடுக்கிறார். பெருநாளைக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் பிரதேசம் மூடப்படுகிறது. மாடு அங்கே, பணம் பாதி அங்கே, வாக்கு இங்கே. பட்டிக்காரர் "மாடு தயார், வந்து ஏற்றுங்கள்" என்பார். வாடிக்கையாளர் "மாடு எங்கே?" என்பார். இருவர் சொல்வதும் சரி. இடையில் நிற்பவர் இருவருக்கும் கடன்காரர். அரசாங்கம் இவருக்கு நட்டஈடு கொடுக்காது. இவருடைய மாடு ஒன்றும் கொல்லப்படவில்லையே!

இதற்கு வழி முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான். "அரச கட்டளையால் ஏற்ற முடியாமல் போனால் முற்பணம் திரும்ப வேண்டும், அல்லது தடை நீங்கும்வரை ஒப்பந்தம் நிற்கும்" என்று பட்டிக்காரரோடும், "வேறு பிரதேசத்து மாடு தரலாம், விலை வித்தியாசம் இத்தனை வரை" என்று வாடிக்கையாளரோடும் ஒரு தாளில் இரண்டு வரி போதும். இருபது மாட்டையும் ஒரே பிரதேசத்தில் பேசாமல் இரண்டு மாவட்டங்களில் பிரித்துப் பேசுவது, கூலி கொஞ்சம் கூடினாலும் பாதுகாப்பு. முற்பணம் கொடுக்க முன்னர் அந்தப் பகுதி மிருக வைத்திய அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் காசு ஒன்றும் போகாது. ஏற்றிய லொறியைக் கழுவிக் கிருமிநாசினி அடிக்காமல் அடுத்த பட்டிக்கு ஓட்டக் கூடாது என்று சாரதிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

தடை நீளும்போது மாடு நிற்கும் நாட்களுக்குத் தீவனமும் காவற்கூலியும் யாருடையது என்பதை அநேகமானோர் பேச மறந்துவிடுகிறார்கள். அதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபது மாடு இரண்டு கிழமை சும்மா நின்றால், அந்தச் செலவு மட்டுமே பல மாடுகளின் இலாபத்தைத் தின்றுவிடும்.