சாயும் பலகையும் உருளும் குண்டும்



இளைஞர் பலர் கைபேசியை இரு கைகளாலும் ஏந்தி, அதனை இப்பக்கமும் அப்பக்கமும் மெல்லச் சாய்த்தவண்ணம் மூச்சடக்கி அமர்ந்திருக்கும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். திரையில் ஒரு புதிர்ப்பாதை, அதில் ஓர் எஃகுக் குண்டு, வழிநெடுகக் குழிகள். கைபேசி சாயும் பக்கம் குண்டு உருளும். குழியில் விழாமல் அதனை இறுதியிடம் சேர்த்தல் வேண்டும். இதுவே ஆட்டம்.

இதனை வீண்பொழுது என்றே நாமும் ஒதுக்கியிருந்தோம். ஒரு நாள் மாலை, இளைஞர் ஒருவர் வற்புறுத்தவே, கையில் வாங்கி ஆடிப் பார்த்தோம். இருபது முறை முயன்றும் முதற் குழியைத் தாண்ட இயலவில்லை. கருவியில் பழுது என்றோம். இளைஞர் அதனை வாங்கி, அதே குழியை எளிதாகக் கடந்து காட்டினார். பழுது எங்கிருந்தது என்பதை அப்போது உணர்ந்தோம். நாம் விழுந்ததன் காரணத்தை ஆராய்ந்தபோது பெற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறோம்.

ஆட்டத்தின் வரலாறு

இவ்விளையாட்டு கைபேசியோடு பிறந்ததன்று. 1889ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்ல்ஸ் கிராண்டல் என்பார் வெளியிட்ட சிறு புதிர் ஒன்றில், வட்டச் சுவர்களின் இடைவெளிகள் வழியே குண்டுகளை உருட்டி நடுவிலுள்ள பட்டியில் அடைத்தல் வேண்டும். அந்நாட்டு மக்கள் சில காலம் அதிலேயே மூழ்கியிருந்தனர். 1946இல் சுவீடன் நாட்டின் பிரியோ நிறுவனம் மரப்பெட்டி ஒன்றை வெளியிட்டது. அதன் பக்கங்களிலுள்ள இரு குமிழ்களைத் திருகினால் மேற்பலகை சாயும். பரவலாக அறியப்பட்ட அமைப்பில் 60 குழிகள் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், சாய்வை உணரும் கருவியை விளையாட்டுப் பேழையினுள்ளேயே பொருத்தி ‘கிர்பி’ விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. 2008இல் சுவீடனைச் சேர்ந்த இல்லூஷன் லாப்ஸ் நிறுவனம், பழைய மரப்பெட்டி ஆட்டத்தையே ‘லாபிரிந்த்’ என்னும் பெயரில் ஐபோனுக்குக் கொணர்ந்தது. பலகை கண்ணாடித் திரையாயிற்று. கைக்குள்ள வேலை மாறவில்லை.

சாய்வைக் கருவி அறியும் விதம்

கைபேசியினுள் முடுக்கமானி என்னும் நுண்கருவி உண்டு. அதில் சிலிக்கனால் ஆன மிகச் சிறிய எடை ஒன்று, மெல்லிய தாங்கிகளில் தொங்கவிடப்பட்டுள்ளது. கைபேசி சாயும்போது புவியீர்ப்பினால் அவ்வெடை இம்மியளவு விலகும். அதனால் அருகிலுள்ள தகடுகளுக்கும் எடைக்கும் இடையேயுள்ள இடைவெளி மாறும், மின்தேக்குதிறனும் மாறும். அம்மாறுதலை அளந்து, எவ்வளவு சாய்வு, எத்திசையில் என்று கருவி கணக்கிடுகிறது.

ஆயின், இக்கருவிக்கு ஒரு குறை உண்டு. புவியீர்ப்பால் நேர்ந்த விலகலையும், கையின் வெடுக்கென்ற அசைவால் நேர்ந்த விலகலையும் அது தனியே பிரித்தறியாது. ஓடும் பேருந்தில் அமர்ந்து ஆடுவோர் இதனைக் காணலாம். ஓட்டுநர் திடீரென வண்டியை நிறுத்த முற்பட்டால், கை சாயாதிருக்கும்போதே குண்டு ஓடிவிடும். அவ்வாறே, பதறிய கையின் உதறலையும் கருவி சாய்வாகவே கொள்ளும். ஆட்டத்தைத் தொடங்குமுன் எந்நிலையைச் சமநிலையாகக் கொள்வது என்று பதிவுசெய்ய வசதியிருப்பின், அதனை முதலில் செய்துகொள்ளுதல் நன்று. நிமிர்ந்து அமர்ந்து பதிந்த சமநிலை, சாய்ந்து படுத்தபின் பயன்படாது.

நாம் செய்த பிழை

இனி, பாடத்தின் மையப் பகுதிக்கு வருவோம். சாய்த்தால் குண்டு ஓடும், நேராக்கினால் நிற்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். இருபது முறை விழுந்ததற்கு இவ்வெண்ணமே காரணம்.

உண்மை யாதெனில், சாய்வானது குண்டின் வேகத்தைக் கணந்தோறும் வளர்க்கிறது. மரப்பலகை 1 பாகை மட்டுமே சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். வழுக்காமல் உருளும் கெட்டிக் குண்டின் வேகம், உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு ஏறத்தாழ 12 செ.மீ. வீதம் மிகும். முதல் வினாடியின் முடிவில் குண்டு 6 செ.மீ. கடந்திருக்கும், இரண்டாம் வினாடியின் முடிவில் 24 செ.மீ. கடந்திருக்கும். காலம் இருமடங்காயின் தொலைவு நான்மடங்காகிறது. திரையிலோடும் குண்டுக்கு எண்கள் வேறாயினும் முறை இதுவே.

ஒரு வினாடி சாய்த்தபின் பலகையை நேராக்கினோம் எனின், வேகம் வளர்வது மட்டுமே நிற்கும். முன்பு பெற்ற வேகத்தில் குண்டு ஓடிக்கொண்டேயிருக்கும். உராய்வும் சுவருமே அதனைத் தடுக்கும். அதனை நாமே நிறுத்த வேண்டுமாயின், அதே அளவு எதிர்ச்சாய்வை அதே காலம் கொடுத்து, குண்டு நிற்கும் கணத்திலேயே பலகையை நேராக்குதல் வேண்டும். சற்றுப் பிந்தினால் குண்டு வந்த வழியே திரும்பி ஓடும். அதனைத் தடுக்கப் பின்னும் மிகுதியாகச் சாய்க்கிறோம். ஒவ்வொரு திருத்தமும் முந்தியதைவிடப் பெரிதாகி, குண்டு குழியில் விழுகிறது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கண் கண்டதற்கேற்பக் கை அசைவதற்குக் கால் வினாடியளவு கழிகிறது. அதற்குள், மேற்கூறிய வேகத்திலோடும் குண்டு 3 செ.மீ. கடந்துவிடும். ஆகவே குழியருகே வந்தபின் திருத்த முற்படுவது காலங்கடந்த செயலாகும். குண்டின் மீதன்றி, அது சென்று சேரவிருக்கும் இடத்தின் மீது கண் இருத்தல் வேண்டும். சாய்வு சிறிதாக இருத்தல் வேண்டும். சுவரோரம் கிடைத்தால் குண்டை அங்கே ஒதுக்கி நிறுத்திவிட்டு, அடுத்த பகுதியைத் தொடங்குதல் வேண்டும். இவ்வாறு ஆடியபின்பே நாம் அம்முதற் குழியைக் கடந்தோம்.

இயந்திரம் கற்ற விதம்

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2023ஆம் ஆண்டில் இம்மரப்பெட்டியை ஆடும் இயந்திரம் ஒன்றைப் பற்றி வெளியிட்டனர். அதற்குக் கண்ணாக ஓர் ஒளிப்படக் கருவி; கைகளாக இரு மின்னோடிகள். அது விழுந்து விழுந்தே கற்று, ஏறத்தாழ 6 மணி நேரப் பயிற்சியில், பதிவாகியிருந்த மனிதரின் மிகச் சிறந்த நேரத்தையும் விஞ்சியது. பயிற்சியினிடையே அது குறுக்கு வழிகளையும் தானாகவே கண்டுகொண்டது. பாதையின் சில பகுதிகளை விட்டுத் தாவி முன்னேறியது. அவ்வழியே செல்லலாகாது என்று ஆய்வாளர்கள் அதற்கு விதிக்க வேண்டியதாயிற்று.

இச்செய்தி பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் கருதத்தக்கது. விரைவாக முன்னேறுவதற்கே பரிசு எனின், கற்பவர் பாதையை விட்டுவிடக் கூடும். பாதை வழியே வருதலும் வேண்டுமெனில் அதனையும் சொல்லியாக வேண்டும்.

முடிவுரை

இவ்வாட்டத்தால் மனவடக்கம் தானே வந்துவிடும் என்று நாம் கூறோம். சினத்தோடு மேலும் மேலும் ஆடிப் பொழுதை இழப்போரும் உளர். முதுமையாலோ நோயாலோ கை நடுங்குவோரின் அறிவையும் பொறுமையையும் இதனைக்கொண்டு அளப்பதும் தகாது. ஆயினும், பிழை நேர்ந்தவுடன் கருவியைக் குறைகூறிய நாம், இளைஞர் ஒருவரிடம் கற்க இசைந்தது இவ்வாட்டத்தினால்தான். இல்லத்தில் பிள்ளைகள் ஆடக் கண்டால், கடியுமுன் ஒரு முறை வாங்கி ஆடிப் பாருங்கள்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. பலகையை நேராக்கிய பின்னும் குண்டு ஓடுவது ஏன்?
2. திருத்தம் எவ்வாறு புதிய பிழையாகிறது?
3. குறுக்கு வழி கண்ட இயந்திரத்தின் மீது பிழையா, பரிசை விதித்தவர் மீது பிழையா?