அசையாத அந்த ஐந்தாவது போல்ட்

ஐடிஐயில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்துப் பட்டறையில் சேருகிறீர்கள். முதல் வாரம் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கிழட்டு மாருதி 800 ஆகத்தான் இருக்கும். 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. எந்த ஒன்றும் பத்து வயதுக்குக் குறையாது. “வாட்டர் பம்பைக் கழட்டு தம்பி” என்பார் ஹெட் மெக்கானிக். நாலு போல்ட் சமர்த்தாக வந்துவிடும். ஐந்தாவது அசையாது. பட்டறையில் உங்கள் பெயர் என்ன ஆகும் என்பது அந்த ஐந்தாவதில் இருக்கிறது.

வண்டி சாயங்காலம் வந்தால் அன்றைக்கே மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். எல்லாப் பட்டறையிலும் இருக்கும் நீல மஞ்சள் டப்பா டபிள்யூடி-40, 1950களில் ஈரத்தை விரட்டுவதற்காகப் பிறந்தது. அவசரத்துக்கு உதவும்தான்; ஆனால் துருவுக்குள் இறங்குவதற்கென்றே தனி எண்ணெய் விற்கிறார்கள், அதை வாங்கச் சொல்லி முதலாளியை நச்சரியுங்கள்.

அடுத்தது ஸ்பேனர். பழைய பெட்ரோல் அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது, அதன் இன்ஜினில் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் அதில் உட்காரும், உட்கார்ந்த மாதிரி நடிக்கும், பலம் கொடுத்ததும் மூலையை மழுக்கிவிட்டு வழுக்கும். இறுகிய போல்ட்டுக்கு ஆறு மூலை பாக்ஸ் மட்டும் போடுங்கள். பன்னிரண்டு மூலையும் ஓப்பன் ஸ்பேனரும் வேண்டாம்.

கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் ஒரு இம்மி இறுக்கிப் பாருங்கள். “டக்” என்று கேட்டால் துரு விட்டது. கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும். கிறீச்சிட்டால் பயமில்லை, நகர்கிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி குழைந்து கொடுத்தால் உடனே கையை எடுங்கள். அது கழலவில்லை, முறுகுகிறது. இன்னும் அரைச் சுற்றில் தலை கையோடு வந்துவிடும். இந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது, மணிக்கட்டுதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. அலுமினிய ஹெட்டில் இரும்பு ஸ்டட் இருந்தால் சூடு ஸ்டட்டில் வேண்டாம், சுற்றியிருக்கும் அலுமினியத்தில் காட்டுங்கள். 200 டிகிரி ஏற்றினால் 10 மில்லிமீட்டர் துளை ஏறக்குறைய 0.046 மில்லிமீட்டர் விரியும்; இரும்பு அதில் பாதிதான். அந்த இடைவெளி போதும். ஆனால் அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரிக்குள்ளேயே சத்தமில்லாமல் உருகிவிடும். பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பே கூடாது. பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

உடைந்துவிட்டதா? மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்துவிடும். உள்ளே முறிந்தால் நடுவில் பஞ்ச் அடித்துத் துளை போட வேண்டியதுதான். நான் புதிதில் பொறுமை இல்லாமல் உடைந்த துண்டை வெளியே எடுக்கும் ஈஸி அவுட்டைத் திணித்து, அதையும் உள்ளேயே உடைத்தேன். அதன் எஃகு முன்னால் சாதாரண டிரில் பிட் பல்லிளித்தது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து அந்தக் கருவியின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வருகிறது.

மாட்டும்போது ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கழற்றும்போது நேர்மாறு, இன்ஜின் ஆறிய பிறகு. அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும் அழுத்தத்தில் வார்ப்பே விரிசல் விடும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்ட் வாங்கலாம், தப்பில்லை. பழைய ஹெட் போல்ட் மட்டும் வேண்டாம்.

வண்டிக்காரரிடம் பேசுவதை ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். துருவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சார், சைலன்சர் பக்கம் ரெண்டு ஸ்டட் மோசமா இருக்கு. உடைஞ்சா லேத் செலவு தனி, ஒரு நாள் கூட ஆகும்” என்று சொல்லுங்கள். “அரை மணி நேரம் சார்” என்ற வார்த்தை பழைய வண்டிக்கு வாயில் வரவே கூடாது. பில்லில் அந்த வேலையைத் தனி வரியாக எழுதுங்கள். உடைந்த ஸ்டட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு கிளம்புவார்.