கடுக்காயும் அக்ரிலிக் பூச்சும்

டில்லியின் மெஹ்ரௌலியில் உள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் மிகச் சிறிதளவே துருவேறியுள்ளது. அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்வரம் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமொன்று உண்டாகத் துணைசெய்தது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. இக்காலத்து எஃகில் பாஸ்வரம் சொற்பம். ஆகவே அதே நகரத்துப் பள்ளிக்கூடச் சன்னல் கம்பிக்குக் காப்பு வெளியிலிருந்தே வர வேண்டும்.

நெடுங்காலம் அக்காப்பை அளித்தது ஈயச் செந்தூரம் கலந்த அடிப்பூச்சு. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாதென மத்திய அரசு 2016இல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நீர் கலந்த அக்ரிலிக் பூச்சில் நெடியும் ஆவியும் குறைவு. ஆயினும் அதிலுள்ள நீரே, பூச்சு உலருமுன், வெற்றிரும்பில் துருவைத் தோற்றுவித்துவிடும்.

இவ்விடத்தில் தாவரங்களின் துவர்ப்புப் பொருளாகிய டானின் உதவுகிறது. கடுக்காயில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு டானினே. அது துருவிலுள்ள இரும்புடன் கூடி, நீரில் எளிதிற் கரையாத கருநீலச் சேர்மமாகிறது. பண்டைய எழுதுமைகளுள் ஒருவகை பிறந்ததும் இவ்வினையினால்தான். கடுக்காய்த் தோலை நசுக்கிக் கொதிக்கவைத்து வடித்த நீரைத் துருவேறிய ஆணியின்மீது தடவினால், செந்நிறம் கருமையாவதை வகுப்பிலேயே காட்டலாம்.

இதைக் கண்டு, அக்கஷாயத்தைச் சுவருக்குரிய அக்ரிலிக் வர்ணத்தில் ஊற்றிவிடுதல் தவறு. அவ்வர்ணம் பெரும்பாலும் சிறிது காரத்தன்மையுடன் வைக்கப்பட்டிருப்பது. புளிப்பான டானின் சேர்ந்தால், எலுமிச்சைச் சாறு பட்ட பாலைப்போல் அது திரிந்துவிடக் கூடும், திரியாவிடினும் பழுப்பேறும். அமிலத்தைத் தாங்கும் பால்மத்துடன் டானினைச் சேர்த்துச் செய்த துருமாற்றி அடிப்பூச்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. கம்பிக்கு அவையே தக்கவை; கஷாயம் பாடத்துக்கு மட்டும் போதும்.

பூசுமுன் உதிரும் துருவை நீக்குவது இன்றியமையாதது, ஏனெனில் டானின் தடித்த துருவின் அடிவரை ஊடுருவுவதில்லை. பழைய பூச்சில் ஈயம் இருத்தல் கூடுமாதலால் உலர்ந்தபடி சுரண்டலாகாது. நீரால் நனைத்து, முகத்திற்கு ஏற்ற வடிமூடி அணிந்து, மாணவர் இல்லாத நாளில் சுரண்டி, கழிவை ஈரமாகவே திரட்டி அகற்ற வேண்டும். இரும்பு உலர்ந்தபின் துருமாற்றியைப் பூசி, அது கருத்து நன்கு காய்ந்ததும், இரும்பிற்கென விற்கப்படும் அக்ரிலிக் மேற்பூச்சை இருமுறை பூசுக. கருத்த படலம் தனித்து நெடுநாள் மழையைத் தாங்காது. நீர் தேங்கும் கம்பி அடிகளில் இம்முறையும் விரைவில் தோற்கும். அங்கே முதலில் நீர் வடிய வழி செய்தல் வேண்டும்.