தாத்தாவின் பழைய டிராக்டரைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: ஊரில் தாத்தா ஓட்டிய பழைய மாசி பெர்குசன் 1035 டிராக்டர் கொட்டகையில் கிடக்கிறது. செலவு செய்து புதுப்பிப்பது இன்றைக்கும் பயனுள்ளதா?
– வாசகர், மண்ணூர்பேட்டை

பதில்: விற்று லாபம் பார்க்க என்றால் வேண்டாம், போட்ட பணம் திரும்பி வருவது அரிது. பாதுகாக்க என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

அது உங்கள் குடும்பச் சொத்து மட்டுமல்ல, சென்னையின் தொழில் வரலாறும்கூட. 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் செம்பியத்தில் மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், உங்களுக்குப் பக்கத்துப் பாடியில் வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர், டைனமோக்களைச் செய்தது. கலப்பையை மூன்று இடத்தில் இணைத்து ஹைட்ராலிக்கால் தூக்கும், இந்த டிராக்டரின் பெயரில் உள்ள ஹாரி பெர்குசனின் அமைப்பை இன்றைய டிராக்டர்களிலும் பார்க்கலாம்.

முதலில் பெயின்ட் அடிக்காதீர்கள். எஞ்சின் பிளாக்கில் விரிசல் உண்டா, கியர் பாக்ஸ் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா, லிஃப்ட் எடையைத் தாங்குகிறதா என்று பழைய மெக்கானிக் ஒருவரை வைத்துப் பாருங்கள். பிளாக் நன்றாக இருந்தால் மற்றதைச் சரிசெய்துவிடலாம். கிடைக்காத புஷ், பின் போன்றவற்றை அம்பத்தூர் லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கலாம். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து வையுங்கள். எஞ்சின், சேஸிஸ் எண்களை அழியவிடாதீர்கள். சாலையில் ஓட்டுவதானால் ஆர்.சி.யைப் புதுப்பிப்பது அவசியம்.

பழைய டிராக்டர்கள் மேல் ஆசை வளர்ந்தாலும் இந்த ஒரு வண்டியோடு நிறுத்துங்கள். பலவற்றைச் சேர்த்துத் துருப்பிடிக்க விடுவதைவிட, ஒன்றை ஓடும் நிலையில் வைத்து, அதைப் பழுதுபார்க்கும் கைவேலையை இளையவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதே பெரிய சேவை.